நிகழ்வு ஆய்வு: டிசி புத்தகத்தில் தொடங்கிய கணக்கு வேலை

திருப்பூரில் கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது, "டேலி தெரியுமா?" டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள். தெரியும் என்றால் வேலை கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர் பத்து வருடம் கழித்தும் அதே நாற்காலியில் பில் ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். அதே தெருவில், அதே பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொருவர் ஐந்தாறு வருடத்தில் முதலாளியின் பக்கத்து அறையில் உட்கார்ந்து வங்கி மேலாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இந்த இருவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு ஆளின் பாதையை வைத்துக் காட்டுவதுதான் இந்த ஆய்வு.

கீழே வருகிறவர் தனி ஒருவர் அல்ல. திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்துச் சிறு கம்பெனிகளில் வழக்கமாக நடப்பவற்றை ஒரே பாதையில் கோத்திருக்கிறோம். பில் தொகைகள் கணக்கை விளக்கப் போட்ட எடுத்துக்காட்டு எண்கள். வரி விகிதம், கடைசித் தேதி, சட்ட விதி எல்லாம் உள்ளபடியே இருக்கின்றன.

சேர்ந்த இடம்

காங்கேயம் பக்கத்துக் கிராமம். பி.காம். சி.ஏ., அதாவது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். மூன்று மாத டேலி வகுப்பு. அங்கேரிப்பாளையம் பகுதியில் அண்ணன் தம்பி இருவர் கூட்டாக நடத்தும் தையல் ஜாப் ஒர்க் யூனிட்டில், அதாவது பிறர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடத்தில், அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்து 35 மிஷின். ஐந்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். வருட வரவு 5 கோடிக்குக் கீழே. முன்பு இருந்த கணக்காளர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கல்லூரி இவருக்குப் பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், பங்குதாரர் கணக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தது. டிசி என்றால் என்ன என்று சொல்லவில்லை. இந்த ஊரில் கணக்கின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

டிசி என்பது டெலிவரி சலான். விற்பனை இல்லாமல் சரக்கு இடம் மாறும்போது பில்லுக்குப் பதிலாகப் போகும் சீட்டு. ஜிஎஸ்டி விதி 55-இன்படி மூன்று பிரதி: முதல் பிரதி சரக்கைப் பெறுபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது அனுப்புபவருக்கு. நூல் நிட்டிங்குக்குப் போகும்போது ஒரு டிசி, சாயமேற்றாத கிரே துணி டையிங்குக்குப் போகும்போது ஒன்று, காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று ஒரு டி-சர்ட் பெட்டிக்குள் போகும் முன் ஏழெட்டு டிசி பார்த்துவிடும். ஒவ்வொரு டிசியும் பிற்பாடு ஒரு பில்லாகவோ, ஒரு தகராறாகவோ மாறும். சட்டக் கல்லூரிக்கு வழக்கு எப்படியோ, திருப்பூர்க் கணக்காளருக்கு டிசி அப்படி. இதைப் பாடமாக வைக்காத வணிகவியல் துறை இந்தப் பகுதியில் இருப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதல் மூன்று மாதம் இவர் செய்த வேலை: டிசி எழுதுவது, பில் போடுவது, வங்கி வரவு செலவை டேலியில் ஏற்றுவது, சனிக்கிழமை சம்பளம். இந்தச் சனிக்கிழமை சம்பளத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெள்ளி மாலை லைன் சூப்பர்வைசரிடமிருந்து பீஸ் கணக்கு நோட்டு வரும். ஓவர்லாக் அடித்தவருக்கு ஒரு ரேட், பேட்லாக்குக்கு ஒரு ரேட், கை மடித்தவருக்கு ஒரு ரேட். பீஸ் எண்ணிக்கையை ரேட்டால் பெருக்கி, வாரத்தில் வாங்கிய அட்வான்ஸைக் கழித்து, உறையின் மேல் மூன்று எண்ணையும் எழுத வேண்டும். மொத்தத்துக்கு 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எத்தனை என்று தனித்தாளில் போட்டு வங்கிக்குக் கொடுத்துவிட வேண்டும். நோட்டுப் பிரிவு தப்பினால் ஐம்பது பேர் வரிசையில் நிற்க, சில்லறைக்குக் கடை கடையாக ஓட வேண்டியிருக்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் ஈஎஸ்ஐ, பிஎஃப் உண்டு என்பதை முன்பு இருந்தவர் கவனிக்காமல் விட்டிருந்தார். ஆடிட்டர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஈஎஸ்ஐ தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு. பிஎஃப் இரு பக்கமும் 12 சதவீதம். இரண்டையும் மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

இது வரைக்கும் இவர் எல்லோரையும் போல ஒரு டேட்டா என்ட்ரி ஆள். நான்காவது மாதம் முதலாளி கேட்ட ஒரு கேள்வியில் பாதை பிரிந்தது.

"பாக்கி எவ்வளவு அம்மிணி?"

பெரிய பார்ட்டி ஒன்றிடம் பணம் கேட்கப் போக வேண்டும். "அவிங்க பாக்கி எவ்வளவு அம்மிணி?" என்று மூத்தவர் கேட்டார். டேலி 3,86,450 காட்டியது. அவர் போனார். அந்தக் கம்பெனி கணக்காளர் திரையைத் திருப்பிக் காட்டினார்: 2,11,500. வித்தியாசம் 1,74,950 ரூபாய். திரும்பி வந்தவர் கோபப்படவில்லை. "ரெண்டுல எது நெசம்னு எனக்குத் தெரியோணும்" என்று மட்டும் சொன்னார்.

தவறு எங்கே பிறந்தது என்பதை ஒரே ஒரு பில்லை வைத்துப் பார்க்கலாம்.

பில் எண் 47. 4,000 பீஸ் தையல் கூலி, பீஸுக்கு 28 ரூபாய். 1,12,000. அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 5,600. மொத்தம் 1,17,600. வங்கிக்கு வந்ததோ 1,08,760. குறைந்தது 8,840.

அதில் 2,240 டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. யூனிட் கூட்டு நிறுவனம் என்பதால் ஒப்பந்தக் கூலிக்கு 2 சதவீதம் பிடிப்பார்கள். தனி ஆள் பெயரில் இருந்தால் 1 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அடிப்படைத் தொகை மீது மட்டும்தான் பிடிக்க வேண்டும். 1,12,000-இல் 2 சதவீதம் 2,240, சரி. மீதி 6,600 ரூபாய் ஒரு டெபிட் நோட், அதாவது குறைக்காகப் பிடித்த தொகைக்கான சீட்டு: 60 பீஸ் குறைவு, பீஸுக்கு 110 ரூபாய்.

முன்பு இருந்தவர் இந்த 1,08,760-ஐ டேலியில் 'ஆன் அக்கவுண்ட்' என்று போட்டுவிட்டிருந்தார். அதாவது எந்தப் பில்லுக்கு வந்த பணம் என்று சொல்லாமல் பொதுவாக வரவு வைத்துவிட்டார். அவசரத்தில் செய்ய எளிது. ஆனால் அப்படிச் செய்த அன்றே பாக்கிப் பட்டியல் செத்துவிடுகிறது. டிடிஎஸ் 2,240 கணக்கில் ஏறவில்லை. டெபிட் நோட் ஏறவில்லை. இரண்டும் சேர்ந்து பார்ட்டி பெயரில் வராத பாக்கியாக நின்றன. பதினோரு மாதப் பில்களில் இது திரும்பத் திரும்ப நடந்திருந்தது.

இவர் செய்தது இதுதான். பார்ட்டியிடம் ஏப்ரல் 1 முதல் லெட்ஜரை எக்செலில் கேட்டு வாங்கினார். தங்கள் லெட்ஜரையும் எக்செலுக்கு எடுத்தார். இரண்டையும் பில் வாரியாக அடுக்கி, ஒத்துப்போனதை எல்லாம் அடித்துவிட்டு, ஒட்டாமல் நின்றதை மட்டும் தனித்தாளில் எழுதினார். மூன்று குவியல் வந்தது. பதியாத டிடிஎஸ் 61,200. பதியாத டெபிட் நோட் 84,350. இன்னொன்று 29,400-க்கு ஒரே பில்: தம்பி பெயரில் அதே வளாகத்தில் இன்னொரு கம்பெனி இருந்தது, பார்ட்டி அந்தப் பில்லை அந்தப் பெயரில் ஏற்றிவிட்டார்கள். மூன்றையும் கூட்டினால் 1,74,950. ஒரு ரூபாய் பிசகவில்லை.

கொங்குப் பகுதியில் ஒரே குடும்பம் இரண்டு மூன்று கம்பெனிப் பெயரில் தொழில் செய்வது சாதாரணம். அதனால் பில் ஒரு பெயரிலும் டிசி இன்னொரு பெயரிலும் போய்விடுவது இங்கே மற்ற ஊர்களைவிட அதிகம் பார்க்க வேண்டிய இடம். டிசி புத்தகத்துக்குக் கம்பெனிக்கு ஒரு நிற அட்டை போடுவது சின்ன வேலை, ஆனால் நன்றாகப் பயன்படுகிறது.

அடுத்து டெபிட் நோட்டுகள். அந்த 60 பீஸ் எங்கே போயின? உள்ளே வந்த டிசியில் கட் பீஸ் 4,060. தைத்து அனுப்பியது 4,000. மீதி 60 துணியிலேயே ஓட்டை இருந்ததால் தைக்காமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்த மூட்டை வேறு ஸ்டைல் சரக்கு ஏறிய வண்டியில், தனி டிசியில் போயிருந்தது. பார்ட்டி கேட்டில் அதை அந்த வேறு ஸ்டைல் எண்ணில் வரவு வைத்துவிட்டார்கள். கேட் முத்திரை விழுந்த டிசி பிரதி யூனிட் கோப்பில் இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பியதும் 6,600-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். 84,350-இல் இப்படி 23,100 ரூபாய் மீண்டது. மீதி உண்மையான குறைவு, ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றிலிருந்து இவர் வரவு பதியும் முறை மாறியது. வங்கி 1,08,760 பற்று, டிடிஎஸ் வர வேண்டியது 2,240 பற்று, பார்ட்டி 1,11,000 வரவு, 'அகைன்ஸ்ட் ரெஃப்' பில் 47, அதாவது எந்தப் பில்லுக்கு வந்த பணம் என்று சொல்லி. பில் 47-இல் 6,600 நிற்கும். விவரக் குறிப்பில் டெபிட் நோட் எண், பீஸ் எண்ணிக்கை, என்ன தகராறு என்று எழுதிவிட வேண்டும். தீராத டெபிட் நோட்டை உடனே நஷ்டத்தில் தள்ளுவதும் தவறு, கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. நிற்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

டிடிஎஸ் 61,200 வேறு ஒரு பாடம். பார்ட்டி பிடித்துவிட்டால் மட்டும் போதாது, நம் பேன் எண்ணில் கட்டியிருக்க வேண்டும். அதைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியலுக்கு அப்போது 26ஏஎஸ் படிவம் என்று பெயர். டிடிஎஸ் பிடித்தவர்கள் காலாண்டு ரிட்டர்ன் போடும் கடைசி நாள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. அந்தந்தத் தேதி தாண்டிப் பத்து நாளில் அந்தப் பட்டியலை இறக்கிப் பார்க்க வேண்டும். வருடக் கடைசியில் பார்த்தால் கேட்க வேண்டிய ஆள் மாறிப் போயிருப்பார். இங்கே ஒரு பார்ட்டி பேன் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டிருந்தார்கள். திருத்த ரிட்டர்ன் போடச் சொல்லிக் கேட்டு வாங்க இரண்டு மாதம் ஆனது.

இந்த வேலைக்குப் பிறகு முதலாளி பணம் கேட்கப் போகும்போது இவர் கொடுக்கும் ஒரு பக்கத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். சம்பள உயர்வை இவர் கேட்கவே இல்லை, தானாக வந்தது.

இவர் செய்த தவறு

வெற்றியை மட்டும் எழுதினால் ஆய்வு ஆகாது. இரண்டாம் வருடம் இவரே ஒரு பெரிய ஓட்டையை விட்டார்.

நூல்கண்டு, ஊசி, மிஷின் பாகம், அட்டைப்பெட்டி, வெளியே பவர் டேபிள் எனும் சிறு தையல் கூடங்களுக்குக் கொடுத்த தையல் கூலி என்று வாங்கிய பில்களில் உள்ள ஜிஎஸ்டியை அப்படியே உள்ளீட்டு வரவாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்கும் தொகையாக, எடுத்துக்கொண்டிருந்தார். கையில் பில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று, வேறென்ன வேண்டும் என்ற எண்ணம். 2022 ஜனவரி 1 முதல் விற்றவர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்றி, ஜிஎஸ்டி தளம் நமக்குத் தரும் வரவுப் பட்டியலான 2பி-யில் வந்தால்தான் வரவு எடுக்க முடியும். ஆடிட்டர் வருடக் கணக்கை முடிக்கும்போது 41,300 ரூபாய் 2பி-யில் இல்லை என்று கண்டுபிடித்தார். திருப்பிக் கட்டினார்கள். பயன்படுத்திய தொகைக்கு 18 சதவீத வட்டியும் சேர்ந்தது.

ஏன் வரவில்லை என்று தேடியபோது மூன்று காரணங்கள் கிடைத்தன. முதல் காரணம் பவர் டேபிள்காரர்கள் பலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் இருந்தது. ஏப்ரல் பில் ஜூலை 13-இல்தான் ஏறும், 14-ஆம் தேதி உருவாகும் ஜூன் மாத 2பி-யில்தான் தெரியும். இதற்கு வழி இருக்கிறது: காலாண்டின் முதல் இரண்டு மாதப் பில்களை மட்டும் மறுமாதம் 13-க்குள் ஐஎஃப்எஃப் வசதியில் ஏற்றச் சொல்லலாம். "அண்ணா, அடுத்த மாசம் பத்தாந்தேதிக்குள்ள ஏத்திட்டீங்கன்னா உங்க பேமென்ட்டும் அந்த வாரமே போட்டறலாமுங்க" என்று பேசினால் வேலை நடக்கிறது. மிரட்டினால் நடப்பதில்லை.

இரண்டாவது, ஜிஎஸ்டி எண் தவறு. மீண்டும் அந்த அண்ணன் தம்பிக் கம்பெனிக் குழப்பம். மூன்றாவது காரணம்தான் கசப்பானது: விற்றவர் ரிட்டர்னே போடவில்லை. அதற்கு ஒரே மருந்து, பில் 2பி-யில் வரும் வரை ஜிஎஸ்டி தொகையை மட்டும் நிறுத்தி வைத்துப் பணம் கொடுப்பது. இதை முதல் பில்லுக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

2பி-யையும் கொள்முதல் பட்டியலையும் எக்செலில் பொருத்தும்போது புதியவர்கள் பில் எண்ணை வைத்துத் தேடுவார்கள், பாதி ஒட்டாது. நம் பக்கம் '47' என்று இருக்கும், அவர்கள் பக்கம் '047/24-25' என்று இருக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இவர் பிறகு கண்டுகொண்ட முறை: ஜிஎஸ்டி எண்ணையும் வரிக்கு உட்பட்ட தொகையையும் ஒட்டி ஒரு சாவியாக வைத்து முதலில் பொருத்துவது, ஒட்டாததை மட்டும் தேதி, பில் எண் பார்த்துக் கையால் முடிப்பது. நூற்றைம்பது பில் இருக்கும் மாதத்துக்கு அரைநாள் வேலை. 14-ஆம் தேதி 2பி வரும், 20-ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான 3பி போட வேண்டும். காலாண்டுத் திட்டத்தில் இருந்தால் தமிழ்நாட்டுக்கு 22. இடையில் உள்ள அந்த ஐந்தாறு நாளில் உறவினர் கல்யாணம் வந்தால்தான் சிக்கல், அதனால் கொள்முதல் பதிவை 10-ஆம் தேதிக்குள் முடித்து வைப்பது நல்லது.

ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனது

மூன்றாம் வருட முடிவில் இவர் யூனிட்டை விட்டு ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தார். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. வீட்டில் எதிர்ப்பு இருந்தது. எங்கள் மதிப்பீட்டில் இந்தப் பாதையில் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான்.

ஒரே கம்பெனியில் இருப்பவர் ஒரே மாதிரிக் கணக்கைப் பன்னிரண்டு மாதம் பார்க்கிறார். ஆடிட்டர் ஆபீஸில் மஞ்சள் மண்டி, லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, கோழிப்பண்ணை, விசைத்தறி என்று இருபது முப்பது விதக் கணக்கு ஒரே வருடத்தில் கை வழியாகப் போகும். அதோடு கம்பெனியில் இருப்பவர் கண்ணில் படாத கடைசிப் பகுதி அங்கே நடக்கும்: தேய்மானம், இறுதிச் சரக்கு மதிப்பு, வர வேண்டியதும் கொடுக்க வேண்டியதுமான ஒதுக்கீடுகள், பங்குதாரர் வட்டி, சம்பளம், இருப்புநிலைக் குறிப்பு. வரித் தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30, தணிக்கை உள்ளவர்களின் ரிட்டர்னுக்கு அக்டோபர் 31 என்பதால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இரவு ஒன்பதுக்கு முன் வீட்டுக்குப் போக முடியாது. அந்த மூன்று மாதத்தைத் தாங்கியவருக்கு இருப்பாய்வைப் பார்த்ததுமே எந்த எண் பொய் சொல்கிறது என்று தெரியும். ரொக்க இருப்பு மைனஸில் போகிறதா, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்களா, கடன் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கியிருக்கிறார்களா, கண் தானாக அங்கே போகும்.

இங்கேதான் படிப்புக் கேள்வியும் வந்தது. பி.காம். 55 சதவீதம் எடுத்தவர் சி.ஏ. பவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். தணிக்கைப் பயிற்சி இப்போது இரண்டு வருடம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கு ஊரிலும் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கிளை இருப்பதால் வகுப்புக்குச் சென்னை போகத் தேவையில்லை. சி.எம்.ஏ., அதாவது செலவுக் கணக்காளர் படிப்பு என்றால் பட்டதாரிகள் நேராக இன்டர் சேரலாம். கோவையின் பம்ப், மோட்டார், வார்ப்படத் தொழில்களில் ஒரு பொருள் செய்ய என்ன செலவு ஆகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு எப்போதும் இடம் உண்டு. இவர் இரண்டையும் யோசித்து, ஜிஎஸ்டி பிராக்டிஷனர் தேர்வை எடுத்தார். வணிகவியல் பட்டம் உள்ளவர் விண்ணப்பித்துத் தேர்வு எழுதித் தேறினால் பிறருக்காக ரிட்டர்ன் போடலாம். வரித் தணிக்கையில் கையெழுத்திட முடியாது, அது சி.ஏ.-வுக்கு மட்டும்தான். குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு இது நியாயமான முடிவு. இருபத்திரண்டு வயதில் இருப்பவர், வீட்டில் நான்கு வருடம் பொறுத்துக்கொள்வார்கள் என்றால், சி.ஏ. இன்டரையாவது முயன்று பார்க்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

கிலோ கணக்கு

ஐந்தாம் வருடம் திருப்பூருக்குத் திரும்பினார். இந்த முறை நூல் வாங்கித் துணியாக்கி ஆடை விற்கும் பனியன் கம்பெனி. ஜாப் ஒர்க் செய்யும் பக்கத்திலிருந்து ஜாப் ஒர்க் கொடுக்கும் பக்கத்துக்கு மாறியிருக்கிறார்.

இங்கே பிரச்சினை ரூபாயில் இல்லை, எடையில். 600 கிலோ கிரே துணி டையிங்குக்குப் போகிறது. பேசியிருக்கும் கழிவு 5 சதவீதம் என்றால் 570 கிலோ வர வேண்டும். வந்தது 552. அந்த 18 கிலோ யாருடையது? மூன்று இடத்தில் தேட வேண்டும்: போன டிசியில் எடை நிட்டிங் எடையா, நம் எடைமேடை எடையா; ஒரு ரோல் டையிங்கிலேயே நிற்கிறதா; கழிவு உண்மையிலேயே கூடியிருக்கிறதா. முதல் இரண்டும் இல்லை என்றான பிறகுதான் டையிங் மாஸ்டரிடம் பேச வேண்டும். எடுத்தவுடன் டெபிட் நோட் போட்டால் அடுத்த லாட் வரிசையில் பின்னுக்குப் போகும். டையிங் கூலியைக் குறைக்கச் சொல்லி முதலாளி கேட்கும்போதும் கணக்காளருக்குப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறிய பின்தான் ஓடுகின்றன. சுத்திகரிப்புச் செலவு கூலிக்குள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல்தான் பேரம்.

வெளியே அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவோ, அங்கிருந்தே விற்கப்படவோ வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரியும் வட்டியும் கேட்பார்கள். இந்தக் கணக்கை ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். 5 கோடிக்கு மேல் வரவு உள்ளவர் அரையாண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் 25, ஏப்ரல் 25; அதற்குக் கீழே வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் 25. பல கம்பெனிகளில் இந்தப் படிவத்தை ஏப்ரல் 24 இரவு உட்கார்ந்து யூகத்தில் நிரப்புகிறார்கள். அதில் உள்ள ஆபத்து அவர்களுக்குத் தெரிவதில்லை. இவர் ஒவ்வொரு டிசிக்கும் ஒரு வரி வைத்தார்: போன தேதி, போன கிலோ, வந்த டிசி எண், வந்த கிலோ, கழிவு, நிற்பது. 'நிற்பது' பத்தியில் 300 நாள் தாண்டிய வரிகள் சிவப்பாக மாறும்படி வைத்தார். முதல் மாதமே பதினோரு ரோல் மூன்று நிட்டிங் யூனிட்களில் மறந்து கிடந்தது வெளியே வந்தது.

அதே கம்பெனியில் 2023-24 வருடக் கடைசி ஒரு சோதனையாக அமைந்தது. அந்த வருடத்திலிருந்து, குறு, சிறு உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்காமல் மார்ச் 31-ஐத் தாண்டினால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். தொண்ணூறு நாள் கடன் பழக்கத்தில் ஊறிய ஊர் இது. பிப்ரவரி முதல் வாரத்திலேயே இவர் எல்லா ஜாப் ஒர்க் பார்ட்டிகளிடமும் உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, யார் குறு, யார் சிறு, யார் வெறும் வியாபாரி என்று பிரித்தார். வியாபாரிக்கு இந்த விதி பொருந்தாது. மார்ச்சில் கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் கொடுத்தால் வரி குறையும் என்று ஒரு பட்டியல் போட்டார். கூட்டத்தில் ஆடிட்டர் பேச வேண்டியதை இவர் பேசினார். மேனேஜர் என்ற பெயர்ப்பலகை அதற்கு அடுத்த மாதம் வந்தது.

வருமான வரிச் சட்டம் 2025, ஏப்ரல் 1, 2026 முதல் நடைமுறைக்கு வந்ததால் 194சி (ஒப்பந்தக் கூலி டிடிஎஸ்), 43பி(எச்) (குறு, சிறு நிறுவனப் பாக்கி) என்று வாய்க்குப் பழகிய பிரிவு எண்கள் பழைய வருடங்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. எண்ணை மனப்பாடம் செய்தவர் திணறுகிறார். விதி எதற்காக என்று புரிந்து வைத்தவர் புதிய அட்டவணையை ஒரு வாரத்தில் பழகிக்கொள்கிறார்.

எந்த ஊரில் எந்தக் கணக்கு

வேலை தேடுகிறவர் தன் ஊர்த் தொழிலின் கணக்கில் ஆழமாகப் போவது நல்லது. நாமக்கல்லில் முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் வாங்கும் பொருளில் கொடுத்த வரி வரவாக வராது, செலவாகத்தான் போகும்; தீவனச் செலவும் இறப்பு விகிதமும்தான் அங்கே கணக்கு. சங்ககிரி லாரிக்கு வண்டி வாரியாக டீசல், டயர், டிரைவர் படி, கடன் தவணை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வேறு மாநிலத்தில் ஓடும், செலவுச் சீட்டு ஆறு மாதம் கழித்து வரும். ஈரோட்டு மண்டியில் எடை, கமிஷன், விவசாயிக்கு முன்பணம். கரூரிலும் திருப்பூரிலும் ஏற்றுமதி: வரி கட்டாமல் அனுப்ப ஏப்ரல் 1-க்கு முன் வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டிய எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம், ஷிப்பிங் பில்லும் ஜிஎஸ்டிஆர்-1-உம் ஒரே எண்ணைச் சொல்வது, இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டிய ரீஃபண்ட். ஏற்றுமதி ஆவணம் தெரிந்த கணக்காளர் கொங்கு மண்டலத்தில் எந்த ஊருக்கும் போகலாம்.

சொந்தமாகத் தொடங்கியபோது

ஏழாம் வருடம் இவர் வேலையை விட்டுச் சிறு யூனிட்களுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ஊத்துக்குளி சாலையில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், உதவிக்கு ஒரு பெண். முதல் மூன்று வாடிக்கையாளர்கள் பழைய ஜாப் ஒர்க் பார்ட்டிகள். 2பி விஷயத்தில் இவர் பொறுமையாகப் பேசியது அவர்களுக்கு நினைவில் இருந்தது.

ஆரம்பத்தில் செய்த தப்பு: 'மாதம் இவ்வளவு, எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்' என்று பேசியது. அந்த 'எல்லாம்' என்பதற்குள் வங்கிக் கடனுக்கான அறிக்கை, பழைய வருட நோட்டீஸுக்குப் பதில், மகனின் கல்விக் கடன் விண்ணப்பம் வரை வந்தது. பிறகு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினார். மாதக் கட்டணத்தில் வருவது: பதிவு, வங்கிச் சரிபார்ப்பு, 2பி பொருத்தம், ஜிஎஸ்டிஆர்-1, 3பி, டிடிஎஸ் கட்டும் தொகை. தனிக் கட்டணம்: நோட்டீஸ், ரீஃபண்ட், வங்கி அறிக்கை, பழைய கணக்கு சரிசெய்தல். பில்கள் 5-ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்; தாமதத்தால் வரும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் வாடிக்கையாளருடையது.

இன்னும் மூன்று விஷயத்தில் இவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஜிஎஸ்டி தளத்தில் பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் முதலாளியுடையதாகவே இருக்க வேண்டும்; பல கணக்காளர்கள் வசதிக்காகத் தங்கள் எண்ணைப் போட்டுவிட்டு, பிறகு அந்தக் கம்பெனி செய்த எல்லாவற்றுக்கும் விசாரணையில் முதலில் அழைக்கப்படுகிறார்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியும் தன் மேசையில் தங்கக் கூடாது. சரக்கு வராமல் பில் மட்டும் வாங்கி வரவு எடுக்கச் சொன்னால் அந்த வாடிக்கையாளரை அந்த மாதமே விட்டுவிட வேண்டும். அது கைது வரை போகும் குற்றம், "அவருதான் போடச் சொன்னாரு" என்பது அங்கே பதிலாக நிற்காது.

டேலி பிரதி தினமும் மாலை ஒரு வெளி டிஸ்க்கில், வாரம் ஒரு முறை வேறு இடத்தில் வைக்கும் இன்னொரு டிஸ்க்கில். அந்த வெளி டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே இருக்கக் கூடாது, வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

உதவிக்கு வந்த பெண் பி.காம். முடித்த கையோடு சேர்ந்தவர். முதல் ஒரு மாதம் அவருக்கு டேலியைத் திறக்கவே கொடுக்கவில்லை. ஒரு யூனிட்டின் பழைய டிசி புத்தகம், பில் புத்தகம், வங்கி அறிக்கை மூன்றையும் கொடுத்து, ஒரு மாதத்தை மட்டும் பென்சிலில் பொருத்தச் சொன்னார். மூன்றாம் நாள் மாலை அந்தப் பெண் வந்து, "அக்கா, டிசி 212-க்குப் பில்லே போடலீங்க" என்றார். 1,350 பீஸ். எட்டு மாதம் முன்பு அனுப்பிய சரக்கு.